தொண்ணூறு நொடி

காட்பாடியில் இரண்டு லிட்டர் கண்ணாடிக் கலனுக்குள்
பேசிலஸ் ராஜபோகத்தில் வளர்ந்தது.
கேட்ட நொடியில் காற்று, கேட்குமுன் சர்க்கரை,
முப்பத்தேழை விட்டு நகராத வெப்பம்.
ஆட்டுத்தோலின் மயிர் கழற்றும் நொதி
நினைத்ததைவிடக் கூடவே சுரந்தது.

ராணிப்பேட்டையில், இருபதாயிரம் லிட்டரில்,
அதே விதை, அதே கஞ்சி.
பாதிகூட வரவில்லை.

"உங்க பாட்டில்ல எல்லாமே பக்கத்து வீடு மேடம்,"
என்றார் ஷிப்ட் ஆபரேட்டர் கோதண்டம்.
"இங்க மேல ஊத்துற சர்க்கரை
அடிக்குப் போய்ச் சேர ஒன்றரை நிமிஷம்.
மேல இருக்கிறவன் தின்னு தின்னு மூச்சு முட்டுறான்,
கீழ இருக்கிறவன் காத்து இருந்தும் பட்டினி."

என் மூன்று மாதக் கணக்கில் இல்லாத வரி.

திரும்பி வந்து
பெரிய தொட்டியின் குறைகளைச்
சின்னக் கலனுக்குள் கட்டினேன்.
பக்கவாட்டில் நீளமாய் ஒரு குழாய்,
காற்று நுழையாத சந்து.
தொண்ணூறு நொடிக்கு ஒருமுறை
அதன் வாயில் சர்க்கரை.
பம்ப் சுற்றச் சுற்ற
போகிறார்கள், திணறுகிறார்கள், வருகிறார்கள்.
திரையில் ஆக்ஸிஜன் கோடு
விழுந்து எழுந்து விழுந்து
கோட்டை மதிலின் பல்வரிசை.

மூன்றாம் இரவு நொதி பாதியானது.
ஆளில்லாத ஆய்வகத்தில் கைதட்டினேன்.
தோல்வி அச்சு அசலாய் வந்துவிட்டது.

அந்தச் சந்திலும் சளைக்காத ஒன்றை
இனித் தேடலாம் என்று
கோதண்டத்துக்குப் போன் செய்தேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார்.
"சரி மேடம். மே மாசம்
கூலிங் தண்ணியே முப்பத்தெட்டுல வருமே,
அத போட்டீங்களா?"

போடவில்லை.