அசால்ட்டு

தம்புச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி.
பக்கத்துக்கு நூற்றி இருபது.
தமிழில் அழுததை
இங்கிலீஷில் அழாமல் எழுதித் தருவது
என் வேலை.

இன்றைக்கு வந்த கட்டு:
குணவதி, வயது நாற்பத்தாறு,
நொச்சிக்குப்பம், மீன் வியாபாரம்.
அவள் சொல்லச் சொல்ல
மகன் நோட்டில் எழுதிய புகார்
ஹைகோர்ட்டுக்குப் போகிறது.
"மூணு மணிக்குள்ள" என்றார் வக்கீல் குமாஸ்தா.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.
"தண்டல்காரர் அசால்ட்டா வந்தார்.
அசால்ட்டா வண்டிய ஸ்டாண்டு போட்டார்.
அசால்ட்டா என் அன்னக்கூடைய
ஒதச்சித் தள்ளினார்."

இந்த ஊரில் அசால்ட்டு என்றால்
வியர்க்காமல் செய்து முடிப்பது.
சட்டத்தில் அசால்ட் என்றால் கை ஓங்குவது.
மேலே பட வேண்டும் என்றுகூட இல்லை,
பட்டுவிடும் என்று அவள் பயந்தால் போதும்.
எந்த வாயில் புரண்டு படுத்து
இந்த அர்த்தத்துக்கு வந்ததோ இந்தச் சொல்.
யாருக்கோ இங்கே
அடிப்பது அவ்வளவு சுலபமாக
இருந்திருக்க வேண்டும்.

அகராதியை எடுத்தேன்,
மூர் மார்க்கெட்டில் அட்டையில்லாமல் வாங்கியது.
தாக்குதலுக்கு ஒரு பத்தி நிறையச் சொற்கள்.
பாதிக்கு மேல்
ஏற்கெனவே நம்மிடம் சேர்ந்து
வேறு வேலை பார்க்கின்றன.
ரெய்டு: தி.நகர் நகைக்கடையில் வருமானவரிக்காரர்கள்.
ஸ்ட்ரைக்: பஸ் ஓடாது.
சார்ஜ்: என் போனில் பதினொரு சதவீதம்.
பேட்டரி என்றால் அடித்தே விட்டான் என்று பொருளாம்,
கீழே ஆட்டோக்காரர் காலையிலிருந்து
அது டவுன் என்று புலம்புகிறார்.
ஆம்புஷ் மட்டும்
இன்னும் சென்னைக்கு வந்து சேரவில்லை.
ஒளிந்திருந்து பாயும் அவசியம்
எவனுக்கும் வரவில்லை போல.

சந்தேகம் கேட்க அவளுக்கே போன் போட்டேன்.
"அட்டாக் பண்ணார்னு போட்டுடலாமாம்மா?"
"அட்டாக்கு வந்தது எங்க வூட்டுக்காரருக்கு சார்.
அதுக்கு வாங்கினதுதான் அந்தக் கடனே."
பின்னால் அலையா, மிக்சியா,
ஏதோ ஒன்று இரைந்துகொண்டே இருந்தது.

பழந்தமிழில் இந்தக் கஷ்டம் இல்லை.
ஆநிரை கவர்ந்தால் வெட்சி,
நாடு பிடிக்கப் போனால் வஞ்சி,
மதிலைச் சூழ்ந்தால் உழிஞை.
தலையில் உள்ள பூவைப் பார்த்தே
என்ன வகை அடி என்று தெரிந்துகொள்ளலாம்.
வெட்சி இன்று இட்லிப்பூ.
கோர்ட் வளாகத்தில் இடுப்பளவு கத்தரித்த வேலி,
ஜாமீன் கொடுக்க வந்தவர்கள்
அதன் மேல் டீ கப்பைச் செருகுகிறார்கள்.
தண்டல்காரர் தலையில் பூ எதுவும் இல்லை.
காதில் ப்ளூடூத் இருந்ததாம், புகாரில் இருக்கிறது.

மதிலைக் காத்து நின்றவர்கள் சூடியது
நொச்சி.
முகவரியை மறுபடி படித்தேன்.
ஊர்ப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது,
விதி அது.
இங்கிலீஷில் அவள் குப்பம்
வெறும் எழுத்துக்கூட்டல்.

கடைசி வரிக்கு வந்தபோது மணி இரண்டரை.
"சங்கரா நாலு கிலோ, வஞ்சிரம் ரெண்டு,
எல்லாம் மண்ணு.
அப்புறம் என்னையும்."

அவ்வளவுதான். வினைச்சொல் கிடையாது.
மகன் எழுதாமல் விட்டானா,
அவள் மகனிடம் சொல்லாமல் விட்டாளா.
அகராதியில் இருந்தவை எல்லாம்
அந்தக் காலி இடத்துக்கு வரிசையில் நின்றன,
ஒன்றையும் உள்ளே விடவில்லை.

முதல் இரண்டு அசால்ட்டாவுக்கும்
நிதானமாக என்கிற மாதிரி ஒரு சொல்.
மூன்றாவதை அவள் சொன்னபடியே விட்டேன்,
நீதிபதி எப்படி வேண்டுமானாலும் படிக்கட்டும்.

குமாஸ்தா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"இதென்ன, பாதியில நிக்குது?"
"ஒரிஜினல்ல அப்படித்தான் இருக்கு சார்."

ஒன்றே முக்கால் பக்கம்.
இரண்டாகக் கணக்குப் போட்டுத் தந்தார்.