வெளிச்ச மேசை

புழு இருக்கிறது என்கிறாள் அம்மா.
இன்று இடது முழங்கைக்குள்.
நேற்று விலாவில். செவ்வாய்க்கிழமை
கண்ணுக்குப் பின்னால்.

பொலுங்கர்விக்கில் நவம்பர் கடைசியில்
சூரியன் மலையைத் தாண்டி வருவதில்லை.
பகல் பதினொன்றுக்கும் விளக்கெரியும் சமையலறையில்
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
வெண்ணெய்க் கத்தியை என் பக்கம் நகர்த்துகிறாள்.
எடுத்துவிடு.

முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில்
கீழிருந்து வெளிச்சம் வரும் மேசைமுன் நின்றவள்.
தோலுரித்த காட் மீனைக் கண்ணாடிமேல் விரித்தால்
சதைக்குள் சுருண்ட பழுப்பு நூல் தெரியும்.
கத்தி முனையால் ஒரு குத்து, ஒரு சுழற்று.
பெட்டிக்குள் அவள் எண் போட்ட சீட்டு: பதினேழு.
பதினேழாம் எண் பெட்டி
ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

முதலில் வாதாடினேன்.
ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினேன்.
டாக்டர் தோர்கிரிமுர் தொலைபேசியில்
பொறுமையாக, இரண்டுமுறை, ஒன்றுமில்லை என்றார்.
"காகிதத்தில் புழு எப்படித் தெரியும்?" என்றாள்.
ரேக்யவிக்கிலிருந்து அக்கா ஸ்வன்ஹில்துர்:
"ஆமாம் போடாதே. போட்டால் அது வளரும்."
எது வளரும் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் சீறினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.
"உன் உடம்பில் ஒரு மண்ணும் இல்லை அம்மா,
எல்லாம் உன் மண்டை"
பாதியில் நிறுத்தினேன்.
மீதியும் காதில் விழுந்ததுபோல
சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.
அன்று முழுக்க அவளுக்குப் புழு இல்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு புயல், மின்சாரம் போனது.
படகு டார்ச்சைத் தேடியெடுத்து
மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன்.
அவள் உள்ளங்கையை அதன்மேல் விரித்தாள்.
விரலிடுக்கெல்லாம் சிவந்தது.
குனிந்தாள். திருப்பினாள்.
கட்டைவிரலடியை அழுத்திப் பார்த்தாள்.
ஆலை ஜன்னலில் மூக்கை வைத்து
நான் எட்டு வயதில் பார்த்த அதே முகம்,
என்னைக் கவனிக்காத முகம்.
"சுத்தம். அடுத்தது."
அடுத்த கை. முழங்கை. நாற்காலிமேல் தூக்கிவைத்த பாதம்;
கணுக்காலை நான் பிடித்துக்கொண்டேன்.
"சுத்தம்" என்றேன் இந்தமுறை நான்.
"வாயால் சொன்னால் போதுமா, எழுது."
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதினேன்.
அடியில் பதினேழு.

அதிலிருந்து தினமும் ஒரு ஷிப்ட், காப்பிக்கு முன்னால்.
பொய்தானே இது என்கிறாள் அக்கா.
நான் தேடுகிறேன், இல்லை, இல்லை என்கிறேன்.
டாக்டர் சொன்னதும் அதேதான்,
விளக்கை அணைக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

ஜனவரியில் தலையைப் படமெடுத்தார்கள்.
ஒளிரும் திரையில் சாம்பல் நிறச் சுருக்கங்கள்.
எங்களுக்குமுன் அவள் நாற்காலியை நகர்த்திப் போனாள்,
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
"இது தேறாது. தீவனப் பெட்டியில் போடுங்கள்."
யாருடையது என்று கேட்கவில்லை.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

நேற்று ராத்திரி எல்லாம் முடிந்தபின்
"உன் கை" என்றாள்.
வைத்தேன். வெகுநேரம் பேசவில்லை.
டார்ச் சூட்டில் தோல் வியர்த்தது.
நடுவிரலுக்குக் கீழே, வெறும் நகத்தால்
ஒரு குத்து, ஒரு சுழற்று,
எதையோ எடுத்துத் தட்டின் விளிம்பில் துடைத்தாள்.
"இருந்தது" என்றாள். "இப்போது இல்லை."

நன்றி என்றேன்.
அந்தத் தட்டை இன்னும் கழுவவில்லை.