மூன்று நாள் நோட்டு

ஆசாரிபள்ளத்து டாக்டரம்மா
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார்.
மூன்று நாள் எழுதினால் போதுமாம்.
எத்தனை மணிக்குக் குடித்தாள், எவ்வளவு.
எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனாள், எவ்வளவு.
நனைந்ததா. ஓடினாளா.

நான் பயந்தது ஸ்கேனுக்கு.
கிட்னி என்று வாயைத் திறந்துவிடுவார்களோ என்று
பஸ் தக்கலை தாண்டும்வரை
செபமாலையை விடவில்லை.
அவரோ பிள்ளையைப் படுக்கவைத்து
இடது அடிவயிற்றை அமர்த்தி,
"கல்லு போல இருக்கே,
ரெண்டுக்கு எப்ப போனா கடைசியா?" என்றார்.
தினமும் போவாள் டாக்டர், என்றேன்.
ஷெறின் என்னைப் பார்த்தாள்.
அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள்.

சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்:
முற்றிய சுரைக்காய் ஒன்று,
அது நெருக்க நெருக்க நசுங்கும் ஒரு பலூன்.
"முதல்ல குடலு காலியாகணும்.
பெறவுதான் மூத்திரப்பைக்கு இடம் கிடைக்கும்.
இவ சோம்பேறி இல்ல. அடிக்காதீங்க."
அடித்தேன் என்று யார் சொன்னது?
என் விரல்களைத்தான் பார்த்திருப்பார்,
முந்திரித் தோட்டு எண்ணெய் தின்ற
கறுப்பு விரல்களை.

பழைய மக்கில் நகப்பூச்சால் கோடு போட்டேன்,
ஐம்பது மில்லிக்கு ஒன்று.
முதல் நாள் காலை ஆறே முக்கால்: நாலரைக் கோடு.
எட்டரை முதல் நாலு மணிவரை
கட்டங்கள் எல்லாம் வெறுமை.
தண்ணீர்ப் பாட்டில் போனபடியே வந்தது.
நாலு பத்துக்கு முற்றத்திலேயே நனைந்தது,
செருப்பைக் கழற்றும் முன்னே.

ஏன் மோளே போகல்ல?
"கதவுக்குக் கொண்டி இல்ல.
ஜெனிட்டா பிடிச்சாதான் போவேன்.
அவ பி டிவிஷனுக்கு மாறியாச்சு."
எப்போ?
"ஜூன்ல."
நாங்கள் இருந்தது நவம்பரில்.

கருங்கலில் கொண்டி நாற்பது ரூபாய்.
மெயின் டீச்சர் 'ஃபண்டு' என்று ஆரம்பித்தார்.
இவர் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு
ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு
பேசாமல் உள்ளே போனார்.

மருந்துப்பொடி வேலை செய்த அந்த ஞாயிறை
எழுதாமல் விடுகிறேன்.
பூசைக்கு யாரும் போகவில்லை.
டிராயர் ஏழு, பக்கெட் இரண்டு,
நடுவில் ஷெறின் சிரித்தாள்,
"அம்மா, நான் லேசா இருக்கேன்."

உட்கார்ந்தால் கால் தொங்கக்கூடாதாம்.
இவர் ரப்பர் தடியில் முக்காலி அடித்தார்.
ஒரு கால் குட்டை. கீழே பழைய காலண்டர் அட்டை.
சாப்பிட்டு முடிந்ததும் பத்து நிமிடம்
அதில் பாதம் பதித்துப் பலூன் ஊதுவாள்.
முக்க வேண்டாம், ஊதினால் போதும் என்றிருந்தார்.
சிவப்புப் பலூன் தீர்ந்து இப்போது மஞ்சள்.

விடியுமுன் மூன்று மணிக்கு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு
தோட்டத்துக்குக் கிளம்பும்போது
இவர் குனிந்து பாயைத் தொட்டுப்பார்க்கிறார்.
வாரத்தில் ஐந்து நாள் காய்ந்திருக்கிறது.
போன புதன் மறுபடியும் நனைந்தது.
விரிப்பை அவளே கொண்டுவந்து கொடியில் போட்டாள்,
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருக்க
நான்தான் அதிகம் பழக வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழிந்து டாக்டரம்மா
நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார்.
அங்கங்கே சரி போட்டார். "நல்லாருக்கு, நல்லாருக்கு."
கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது.
ஸ்கேல் வைத்து அடித்த கட்டம், ஷெறினின் கையெழுத்து.
மேலே 'அம்மா'.
ஏழரை, இல்லை. பத்து, இல்லை.
பன்னிரண்டு, இல்லை. இரண்டு, இல்லை.
தண்ணீர்: சாயா ஒன்று.

பருப்புக்குக் கிலோ கணக்கில்தான் கூலி டாக்டர்,
எழுந்து போய் வந்தால்
கால் கிலோ குறையும், என்று
சொல்ல வாய் வரவில்லை.
காலையில் ஷெறினை இழுத்துக்கொண்டு ஓடும்போது
"பஸ்ஸு வந்தாச்சு, அடக்கிக்கோ" என்று
எத்தனை நாள் சொல்லியிருப்பேன்
என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இது எத்தனை வருஷமா?" என்றார்.
ஷெறின் என்னையே பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.