ஐந்தாவது கட்டம்

டுலூத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து ஏறி
ஒரே நெடுஞ்சாலையில் ஒன்பது மணி நேரம்
தெற்கே வந்தால் கான்சஸ்.
முப்பத்தைந்தாம் எண். திரும்பவே வேண்டாம்.
வந்து சேர்வது சுலபம்.
எங்கே நிறுத்துவது என்பதில்தான்
மூன்று வாரமாக எனக்கும் ஆர்லனுக்கும் இழுபறி.

மஞ்சள் தாளில் கட்டம் போட்டிருக்கிறேன்:
பயண நேரம், பள்ளி, வீட்டு வரி, யார் கட்டியது.
ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு வைக்கவில்லை.

பயண நேரம் காட்டும் வரைபடங்கள் எல்லாம்
காலை எட்டு மணிக்காரர்களுக்கு.
ஆர்லன் போவது இரவு பத்தரைக்கு,
மருத்துவமனையின் கொதிகலன் அறைக்கு.
ஊர் உறங்கப்போகும்போது அவன் புறப்படுவான்.
ஊர் புறப்படும்போது
காலியான எதிர்ச்சாலையில்
வெயில் முதுகில் விழ வீடு திரும்புவான்.
சிவப்பில் ஐம்பது நிமிடம் என்று காட்டுவது
அவனுக்கு இருபத்திரண்டு.
இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

முதலில் பார்த்தது புதுக் குடியிருப்பு.
மாதிரி வீட்டுச் சமையலறையில்
கிண்ணம் நிறைய எலுமிச்சை.
எமெட் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான்.
பிளாஸ்டிக்.
விற்பனைப் பெண் லோர்னா சிரித்துக்கொண்டே
பல் பட்ட பக்கம் அடியில் போகும்படி
திருப்பி வைத்தாள்.
அட்டையில் செய்த தொலைக்காட்சி.
கட்டில்கூட ஒரு சாண் குட்டை,
அறை பெரிதாகத் தெரிய.
பள்ளி எங்கே என்றேன்.
சோளம் அறுத்த வயலைக் காட்டினாள்.
நடுவே ஒரு பலகை, பலகையில் ஒரு படம்,
படத்தில் இப்போதே ஓடி விளையாடும் பிள்ளைகள்.

எங்கள் பிள்ளைக்கு இடது காது கேட்காது.
வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக
விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
ஒரு பழைய ஆரம்பப் பள்ளி.
சைகை மொழி தெரிந்த ஆசிரியை ஒருத்தி, மிஸ் டோப்ஸ்.
இன்னும் எத்தனை வருடம் இங்கே இருப்பார் என்று
தலைமையாசிரியரிடம் கேட்டேன், கூச்சமில்லாமல்.
அவளையே கேளுங்கள் என்றார்.
கேட்டேன்.
"வீட்டுக் கடன் பதினோரு வருடம் பாக்கி,
எங்கே போகப்போகிறேன்?" என்றாள்.
இரண்டாவது கட்டத்தில் எழுதினேன்: பதினொன்று.

அந்தப் பள்ளியின் எல்லைக்குள்
விலைக்கு இருந்தது ஒரே வீடு.
கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.
பின்வாசல் படியில், அன்றைக்கு ஈரமாயிருந்த சிமெண்டில்
ஒரு நாயின் காலடி மட்டும்.
லோர்னாவின் கம்பெனி பத்து வருட உத்தரவாதம் தருகிறது.
இங்கே எழுபது வருடமாக விழவில்லை,
அவ்வளவுதான் உத்தரவாதம்.
ஆர்லன் நிலவறைக்கு இறங்கி
கொதிகலனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
துக்க வீட்டில் பேசுவதுபோல்
அதன் எதிரில் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:
நாளொன்றுக்கு முப்பது சரக்கு ரயில்.
கேட் விழுந்தால் ஆறு நிமிடம் போச்சு.
அதையும் எழுதினேன். ஆறு.

எழுதி முடிக்கவில்லை.
முன்னறைப் பலகைத் தரையில்
ஷூவைக் கழற்றிவிட்டு நின்ற எமெட்
எங்கள் எல்லோருக்கும் முன்பு
ஜன்னல் பக்கம் திரும்பினான்.
உள்ளங்காலில் வந்திருக்கிறது அவனுக்கு.
பிறகுதான் கண்ணாடி அதிர்ந்தது,
பிறகுதான் எங்களுக்குச் சத்தம்.
ஓடிப்போய் எண்ணினான் பெட்டி பெட்டியாக,
நூற்றுப் பதினான்கு.
தரகரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
அந்த நேரம்
யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.
அவனுக்கு மட்டும் அது பழக்கம்.

இரவு மோட்டலில் தாளைப் பிரித்துக் கூட்டினேன்.
புது வீடுதான் ஜெயித்தது, இரண்டு புள்ளியில்.
ஆர்லன் கூட்டலைச் சரிபார்த்தான்.
சரிதான் என்றான்.
எமெட் தூங்கிவிட்டான், நல்ல காது தலையணைக்குள்.

விளக்கை அணைக்கும் முன்
"அந்தக் கொதிகலனை மாற்ற வேண்டியிருக்கும்" என்றான்.
புது வீட்டில் எல்லாம் புதுசு.
நான் எதுவும் கேட்கவில்லை.