விளக்கணைத்துப் பார்த்தது

ஸ்டவாங்கரில் டிசம்பர். நாலு மணிக்கே இருட்டு.
சுன்னிவா வெல்வெட் தட்டில்
இரண்டு கடிகாரங்களை வைத்தாள்.

புதியதன் வளையம் பீங்கான்.
கீறாதாம், வெளுக்காதாம்,
முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குமாம்.
பழையது அலுமினியம்;
கறுப்பாய் இருந்தது வெளுத்து
இப்போது வதங்கிய கத்தரிக்காய் நிறம்.
விலை மட்டும் இரண்டு மடங்கு.

"விளக்கை அணையேன்" என்றார் ஓஸ்முண்ட்,
இருபத்தாறு வருடம்
எண்ணெய்க் கிணறுகளின் காலடியில்
குழாய் பற்றவைத்தவர்.

புதியது நீலமாய் எரிந்தது.
பழையது
இருக்குமிடமே தெரியவில்லை.

வெளியே ஏதோ படகு ஊதியது.

"இதில் மணி தெரியாதே" என்றாள்.

"அங்கே கீழே
மூச்சைவிட மணியைத்தான் அதிகம் எண்ணினேன்.
இனி இருட்டினால் தூங்குவேன்."

தட்டைத் தடவி எடுத்துக் கட்டிக்கொண்டார்.
லூசாக இருந்தது.
இரண்டு கண்ணி கழற்றச் சொன்னார்.