ஏழு புள்ளி மூன்று ஆறு ஐந்து

கானாடுகாத்தான் ஊருணித் தண்ணீர்
இரண்டு லிட்டர் வெள்ளைக் கேனில்
காலை ஒன்பதே காலுக்கு வந்தது.
மூடியில் பேனாவால் எண் பதினாறு.
"உப்புக் கரிக்குதுன்னு ஊரே சொல்லுது,
எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு
அடைக்கப்பன் வண்டியை உதைத்தான்.

எவ்வளவு என்பதுதான் என் பிழைப்பு.
காரைக்குடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்கிற வேலை.

பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்,
பத்தில் ஒரு மில்லி, பத்தில் ஒரு மில்லியாக.
முகவைக்குள் வெள்ளை கலங்குகிறது.
மீட்டரில் மில்லிவோல்ட் ஏறுகிறது.
வெகுநேரம் சோம்பலாய் ஒன்று, இரண்டு.
பிறகு ஒன்பது ஏறியது.
பிறகு பதினான்கு.
பிறகு ஒரே தாவலில் முப்பத்தொன்று.
அப்புறம் இருபத்திரண்டு, பதினொன்று.

எண் இறங்கவே இல்லை, கவனியுங்கள்.
கடைசிச் சொட்டு வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.
ஏறுகிற வேகத்துக்குத்தான் நடுவில் எங்கோ
மனசு மாறியிருக்கிறது.

அந்த எங்கோவுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஏற்றங்களைக் கழித்து, கழித்ததை மறுபடி கழித்தேன்:
ஐந்து. பதினேழு. கழித்தல் ஒன்பது. கழித்தல் பதினொன்று.
ஏழு புள்ளி மூன்றில் கிண்ணம் போல் நிமிர்ந்திருந்த கோடு
ஏழு புள்ளி நான்கில் கவிழ்ந்துவிட்டது.
இடையே சுழியைத் தாண்டியபோது
ஒரு மணி அடிக்கவில்லை, நிறம் மாறவில்லை.
நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பதினேழை இருபத்தாறால் வகுத்து
ஏழு புள்ளி மூன்று ஆறு ஐந்து என்று எழுதினேன்.

உச்சிக்கு மாலை போடுகிறவர்கள்
இந்த இடத்துக்கு ஒரு செங்கல்கூட நடுவதில்லை.
குன்றக்குடி பஸ் வளைவில் இடப்பக்கம் சாய்ந்து
வலப்பக்கம் சாயப்போகும் முன்
ஸ்டியரிங் ஒரு கணம் நேராக நிற்குமே,
தூங்குகிறவனின் தலை எந்தத் தோளிலும் விழாத
அந்தக் கணம்.

ஆனால் சுழியை மட்டும் நம்பக் கூடாது.
எங்கள் ஊர்த் தெருக்களைப் பாருங்கள்,
நூல் பிடித்துப் போட்டவை.
முகப்பில் நின்றால் ஏழு வாசல் கடந்து
பின்தெருச் சைக்கிள் தெரியும் வீடுகள்.
நேர்கோட்டில் எந்த இடத்தில் தொட்டாலும்
இரண்டாம் வகைக்கெழு சுழிதான்;
திரும்பிய இடமோ ஒன்றுகூட இல்லை.
குறி மாற வேண்டும்.
இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறொன்றுமாக.

நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.
சாத்தையாவின் உதிரிபாகக் கடைக் கடன்
கார்த்திகையில் மூவாயிரம் கூடியது,
மார்கழியில் நாலாயிரம், தையிலும் அதே நாலாயிரம்.
சுழி வந்துவிட்டதென்று அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.
மாசியில் ஆறு. பங்குனியில் ஒன்பது.
அல்வா டப்பாவில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறார்.

நேற்றிரவு சித்திரைக் கணக்கு.
"ஏழாயிரம் ஏறியிருக்கு" என்றார்,
சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல்.
நான் காலண்டர் தாளைத் திருப்பி
ஒரு வளைகோடு போட்டேன்.
ஒன்பதிலிருந்து ஏழு.
இரண்டாவது கழித்தலில் முதன்முதலாக
ஒரு கழித்தல் குறி.
"ஏறத்தானே செய்யுது?"
"ஏறுது."
"அப்புறம் எதுக்கு சிரிக்கிற?"

சொல்லத் தெரியவில்லை.
மீட்டரே ஒற்றை அளவில் பொய் சொல்லும்;
அதனால்தான் ஏழரை மில்லியோடு நிறுத்தாமல்
இன்னும் ஒரு சொட்டு விடுகிறோம்.
தாளை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன்.

வைகாசி வரட்டும்.