கறை ஏற நாலு மணி நேரம்

களக்காட்டில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் போய்
சட்டையைக் கழற்றித் தாங்க என்றேன்.
கையில் மடிப்புக் கலையாத புதுச்சட்டை ரெண்டு.
மேலும் கீழும் பார்த்தார் இசக்கிப்பாண்டி.
"இது எதுக்கும்மா ஒனக்கு, நைஞ்சு போனது?"
சினிமாவுக்கு.
"அப்ப ரெண்டு பத்தாது. மூணு கொண்டா."

பேஷன் டிசைனிங் மூன்று வருடம்.
பாளையங்கோட்டை வகுப்பறையில்
தலையில்லாத பொம்மைக்கு உடுத்திக்கொண்டிருந்தோம்.
பொம்மைக்கு வேர்க்காது.
பொம்மை எதையும் தோளில் ஏற்றாது.
ஒரு பக்கம் மட்டும் தேய்கிற சட்டை
எந்த செமஸ்டரிலும் வரவில்லை.
கறை நீக்கும் அட்டவணை வந்தது:
மைக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும்,
எண்ணெய்க்கு டால்க் பவுடர்,
வாழைக்கறைக்கு நேராக ஒரு சிறிய கோடு.
கோடு என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.
அந்தத் தாளில் எனக்குத் தொண்ணூற்றியொன்று.

இங்கே என் பேர் காஸ்ட்யூம்.
காஸ்ட்யூம் எங்கே, காஸ்ட்யூம் சாப்பிட்டாச்சா,
காஸ்ட்யூம் பட்டன் தெறிச்சிருச்சு.
ஆவுடைச்செல்வி போனில் கேட்கிறாள்,
ஹீரோயினுக்கு என்ன சேலைட்டி எடுத்தே?
நான் ஒரு சட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
காலருக்குத் தேங்காயெண்ணெய்,
அக்குளுக்கு டீத்தண்ணி,
முதுகுக்கு உப்புக்கரைசல்; வெயில் பட்டால் வெள்ளையாய்ப் பூக்கும்.
தோளுக்குச் சாயம்.
கொடியில் நடுவே இசக்கிப்பாண்டி சட்டை.
பார்த்துப் பார்த்து அதேபோல் மூன்று:
ஓட்டத்துக்கு, மழைக்கு, டூப்புக்கு.
பதினெட்டு நாள் சோலி.

வள்ளியூர் லாட்ஜில் ஊய்க்காட்டான் என்றொரு பையன்.
அக்கா அலுத்துத் தூங்குதே என்று
நாலையும் வாரிப்போய்
ப்ளீச்சிங் போட்டு அலசி
இஸ்திரியும் போட்டு அடுக்கிவிட்டான்.
"அழுக்கு போவேனாங்கு, பாத்துக்கிடுங்க."
துட்டும் வாங்க மாட்டேன் என்கிறான்.

ராத்திரி ஒன்பது. காலை ஆறுக்கு சீன் நாற்பத்தொன்று.
நான் செய்த மூன்றும் கடைச்சட்டை ஆகிவிட்டன.
நாலாவதில், வலது தோளில்,
உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு
அசையாமல் நிற்கிறது.
அது ஹீரோவுக்குச் சேராது. ஜிம் தோள்.

புரொடக்‌ஷன் வண்டி டிரைவர் முனகிக்கொண்டே வந்தார்.
தோட்டத்தில் செல்போன் வெளிச்சம்.
காம்பை அறுத்தால்
தண்ணீர் மாதிரிச் சொட்டுகிறது, நிறமே இல்லாமல்.
சட்டையில் வைத்தால் ஈரம்.
காய்ந்தால் அதுவும் இல்லை.
இருந்தாலும் வைத்தேன், மூன்று சட்டைக்கும்,
இசக்கிப்பாண்டி தோளை விரித்துப்போட்டு
ஓரம் ஓரமாய் அளந்து.
திரும்பும்போது மணி இரண்டு.
மற்ற அழுக்கெல்லாம் விடிவதற்குள் செய்துவிட்டேன்.

ஆறு மணி. டைரக்டர் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.
"தோள்ல கறை எங்கம்மா?"
வரும் சார்.
"வருமா? என்ன, நாரோயில் பஸ்ஸா?"
நின்றேன். வேறென்ன செய்ய.
முதலில் கால்களை எடுத்தார்கள்.
பிறகு லாரி டயர்.
பிறகு கதையில் இல்லாத ஒரு நாய்.
பொத்தைக்கு மேல் வெயில் ஏறியது.
எட்டரைக்குத் தோள் ஓரம் டீ நிறம்.
பத்து மணிக்கு
மூன்று சட்டையிலும் ஏறி நின்றது,
நான் வைக்காத இடத்திலும் ஒரு சொட்டு.
மானிட்டரில் யாரும் சட்டையைப் பார்க்கவில்லை.
தார் தூக்குகிறவனைத்தான் பார்த்தார்கள்.
சரி.

மத்தியானம் சோற்று வரிசையில்
மேக்கப் அக்கா என் டாப்ஸைத் தொட்டுக் காட்டினாள்.
வெளிர்மஞ்சள்.
கடைசி வருடக் கண்காட்சிக்கு நானே வெட்டித் தைத்தது,
ஏ கிரேடு.
இடுப்பில் இரண்டு, கைவிளிம்பில் ஒன்று,
பின்னால் எத்தனை என்று தெரியவில்லை.

தட்டை வைத்துவிட்டு
பழக்கதோஷத்தில் போட்டோ எடுத்தேன்.
கண்டினியூட்டி நோட்டில் அளவு எழுதி,
தேதி போட்டு,
சீன் நம்பர் இருக்கிற கட்டத்தை
அப்படியே விட்டேன்.